எக்ஸ்பிரஸ் அண்ணியின் நான்கு நிமிடம்

என் அண்ணியைக் குறை சொல்லும் உரிமை இந்த ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு. அது நான். பதினாறு வருடமாக ஒரே சமையலறையில் இடித்துக்கொண்டு, ஒரே குளியலறைக் கதவைத் தட்டிச் சண்டை போட்டுச் சம்பாதித்த நாத்தனார் உரிமை அது. வேறு யாராவது அவளைப் பற்றி வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. நேரில் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். எழுத உட்கார்ந்தால் 'அவள்' என்றுதான் கை போகிறது. முதல் பக்கத்தை அவளிடமே காட்டினேன். "மனசுல இருக்கிறதுதானே கையில வரும், எழுது எழுது" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் முதலில் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தாள். பதினோரு வருடம், பதினோரு வருடமும் ஒப்பந்த வேலைதான். நெரிசலில் புகுந்து புறப்பட்டு டிக்கெட் கொடுக்க வேண்டும். வண்டி நிற்கும் முன்பே படிக்கு வந்துவிட வேண்டும். நின்ற நொடியில் இறங்கி, கடைசி ஆள் ஏறியதும் விசில் கொடுத்துத் தாவி ஏற வேண்டும். அந்த வேலை அவள் காலில் சக்கரத்தைக் கட்டிவிட்டது. மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனால்கூட ஏதோ ரயில் கிளம்பப் போகிற மாதிரிதான் போவாள். "இவ வளைவுல திரும்பும்போது ஹாரன் அடிக்கச் சொல்லணும்" என்பான் என் அண்ணன். கூட வேலை செய்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ்.

எங்கள் ஊர்ச் சாலைகளைப் பற்றி என்னத்தைச் சொல்ல? ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள், வீட்டுக்கொரு கார், சிக்னலுக்கு சிக்னல் புகை. பேருந்து இருக்கிறது, ரயில் இருக்கிறது, ஆற்றைக் கடக்கப் படகு இருக்கிறது, வாடகைக்கு மிதிவண்டியும் இருக்கிறது. ஆனால் அவையெல்லாம் பங்காளிச் சண்டை போட்டவர்கள் மாதிரி, ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காது. ரயில் வந்து நிற்கும்போது பேருந்து சரியாகக் கிளம்பிப் போயிருக்கும். கடைசியில் மாநகராட்சி எல்லாவற்றையும் ஒரே அலுவலகத்தின் கீழ் கொண்டுவந்து, 'வழித்துணை' என்று கைபேசிச் செயலி ஒன்றைச் செய்ய ஆரம்பித்தது. போக வேண்டிய இடத்தைச் சொன்னால் போதும். இவ்வளவு தூரம் நட, இந்த ரயிலில் ஏறு, இங்கே இறங்கு, இத்தனை நிமிடம் நடந்து இந்தப் பேருந்தைப் பிடி என்று அது வரிசையாகச் சொல்லும். அதை நம்பி நாலு பேர் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் ஊர் கொஞ்சம் மூச்சு விடும் என்பது திட்டம்.

அதற்காகப் பேருந்துப் பிரிவிலிருந்து வழி தெரிந்த பத்துப் பேரை எடுத்தார்கள். அண்ணியும் ஒருத்தி. இங்கேயும் ஒப்பந்தம்தான், ஆனால் செயலியைத் திறந்துவைக்கும் அன்று பத்துப் பேருக்கும் நிரந்தர ஆணை என்று சொல்லியிருந்தார்கள். முதல் வாரமே பொறியாளர்கள் அறையில் ஒரு கூத்து நடந்தது. பெரிய திரையில் வரைபடத்தைப் போட்டு, ஒரு ரயில் நிலையத்துக்கும் அதன் பக்கத்துப் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவே அறுபது மீட்டர், ஒரு நிமிட நடை என்று விளக்கிக்கொண்டிருந்தார் தலைமைப் பொறியாளர்.

"சார், நடுவுல சுவர் இருக்கு" என்றாள் அண்ணி.

"மேப்ல இல்லையேம்மா."

"மேப்ல இல்லாட்டி என்ன சார், மண்டையில இடிக்குமே."

அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அன்று மதியமே அவளைக் கூட்டிக்கொண்டு நேரில் போனார். சுவர் இருந்தது, ஆளுயரத்துக்கு இருந்தது. சரக்கு வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் பதினோரு நிமிடம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அந்த மனிதருக்கு அன்று விளங்கியது. மறுநாள் உத்தரவு போட்டார்: ஊரில் மக்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நானூற்றுப் பதினெட்டு இடங்களையும் இந்த அம்மாள் நடந்து பார்த்து எழுதட்டும்.

இரண்டு வருடம் நடந்தாள். கழுத்தில் நிறுத்துக்கடிகாரம், கையில் நீளக் கைப்பிடி வைத்த அளவுச் சக்கரம், இடுப்புப் பையில் நோட்டு. ரயில் கதவு, படிக்கட்டு, வெளிவாசல், சிக்னல், பேருந்து நிறுத்தம். ஒவ்வொரு இடமும் காலை, மதியம், மாலை என்று மூன்று தடவை. மூன்றின் சராசரியை எழுதிக்கொடுப்பாள். மழையில் நனைந்து வந்தாள், வெயிலில் கறுத்து வந்தாள், நான்கு ஜோடி செருப்பைத் தேய்த்தாள். சாப்பிட உட்காரும்போது "இன்னிக்கு ஏழு இடம்" என்பாள். எனக்கு அப்போதே பெருமைதான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் அசைந்துகொடுக்கவில்லை. என் அண்ணன் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவன். கருவிப் பையை மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவான். "ஊரையே பஸ்ல ஏத்தப் போறாளாம், புருஷனை ஏத்த முடியலை" என்று நான் சீண்டுவேன். "அவருக்கு அடுத்த ஸ்டாப்" என்பாள் அண்ணி.

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். கண்ணுக்குப் போடும் கண்ணாடி. மூக்கின் அகலம் பார்த்துச் சட்டம் பொருத்தி, காதுக்குப் பின்னால் வளைத்துக் கொடுப்பது என் வேலை. பதினேழு வயதில் ஒரு லாரி என் வலது காலை இரண்டு விரற்கடை குட்டையாக்கிவிட்டுப் போனது. நடப்பேன், நன்றாகவே நடப்பேன். எனக்கென்று ஒரு வேகம் இருக்கிறது, அவ்வளவுதான். அன்றிலிருந்து கடைக்குப் போவது, வருவது, ஆஸ்பத்திரி, கல்யாண வீடு எல்லாமே அண்ணனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்துதான். இருபத்திரண்டு வருடம். அவன் முகம் சுளித்ததே இல்லை. ஆனாலும் எங்கேயாவது போக வேண்டுமென்றால் முதலில் அவனுக்கு எப்போது ஒழியும் என்று பார்க்க வேண்டும். அது ஒரு மாதிரிதான் இருக்கும்.

வழித்துணையை ஆயிரம் பேருக்குக் கொடுத்து ஒரு மாதம் சோதித்துப் பார்த்தார்கள். ஆயிரத்தில் நானும் ஒருத்தி. அந்த மாதம்தான் எங்கள் கடை ஊரின் மறுகோடியில் புதுக்கிளை திறப்பதாக இருந்தது. கிளைப் பொறுப்புக்கு என்னையும் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பதினோரு மணிக்கு வரச் சொன்னார்கள். அண்ணன் விட்டுவிட்டு வருகிறேன் என்றான். "எங்க அண்ணி வழி போட்டு வச்சிருக்காங்க, நீ உன் வேலையைப் பாரு" என்று வீம்பாகக் கிளம்பினேன்.

ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தது. பெரிய சந்திப்பில் இறங்கினேன். 'பேருந்து நிறுத்தத்துக்கு நான்கு நிமிடம்' என்றது செயலி. பாதுகாப்புக்கு ஒரு நிமிடம் சேர்த்து, ஐந்தாவது நிமிடம் கிளம்பும் பேருந்தைக் காட்டியது. இறங்கும் கூட்டம் ஒதுங்கவே எனக்கு ஒரு நிமிடம் ஆகிவிட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி, வெளிவாசலில் வரிசையில் நின்று, சிக்னலில் பாதி கடப்பதற்குள் சிவப்பு விழுந்து, நடுத்திட்டில் நின்று, மறுபடி பச்சைக்குக் காத்திருந்து நான் போய்ச் சேரும்போது பேருந்து இருந்த இடத்தில் அதன் புகைகூட இல்லை. அடுத்தது இருபத்தைந்து நிமிடம் கழித்து. நேர்காணலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. நேரம் தவறாமைதான் கிளைப் பொறுப்பின் முதல் தகுதி என்று முதலாளி சிரித்த முகமாகவே சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை விட்டெறிந்தேன். "நாலு நிமிஷமாம் நாலு நிமிஷம்! எந்தக் குதிரை நடந்து அளந்தது?" என்று கத்தினேன். என்னென்னவோ கத்தினேன். கடைசியில், "உங்களைச் சொல்லி என்ன அண்ணி? இந்த நொண்டிக் காலை வச்சுக்கிட்டு நான் கிளம்பினேனே, என்னைச் சொல்லணும்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

வாய்க்கு வாய் கொடுக்கிறவள் அண்ணி. அன்று "எந்த இடத்துல பஸ்ஸை விட்டே?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை என்னைப் பெரிய சந்திப்புக்குக் கூட்டிப் போனாள். "உன் பாட்டுக்கு நட. என்னைப் பார்க்காதே, பேசாதே" என்று சொல்லிவிட்டுப் பின்னால் வந்தாள். நிறுத்தத்தில் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. கடிகாரத்தைக் காட்டினாள். பத்து நிமிடம்.

பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "என் கணக்குல ரயில் கதவு திறக்கும்போது நான் கதவுல நிக்கிறேன். முதல் ஆளா இறங்குறேன். பதினோரு வருஷப் பழக்கம், வண்டி நிக்கிறதுக்குள்ள கால் இறங்கிடுது. படியில ரெண்டு ரெண்டா ஏறுறேன். சிக்னல் மாறுறதுக்குள்ள தாண்டிடுறேன். ஊர்ல யாரு அப்படிப் போறாங்க? நானூத்திப் பதினெட்டு இடத்துலயும் என் காலைத்தான் அளந்து வச்சிருக்கேன்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது யார்? நான்தான். திறப்பு விழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். ஆணைக்கும் அதே பன்னிரண்டு நாள். பதின்மூன்று வருடம் ஒப்பந்தத்திலேயே காலம் தள்ளியவள், தான் எழுதியதெல்லாம் தப்பு என்று போய் நின்றால் எந்த அலுவலகம் நிரந்தரமாக்கும்?

"அண்ணி, விட்டுடுங்க" என்றேன். "ஆர்டர் கையில வரட்டும். அப்புறம் சத்தமில்லாம ஒவ்வொண்ணா திருத்திக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"அதுக்குள்ள எத்தனை பேரு உன்னை மாதிரி தன் காலையே திட்டிக்கிட்டு வீட்டுக்குத் திரும்புவாங்க?" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் கால்ல ஒரு தப்பும் இல்லடி. என் கணக்குலதான் தப்பு."

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பாவம் என்பார்கள், பரவாயில்லை என்பார்கள். தப்பு என் காலில் இல்லை என்று முதன்முதலாகச் சொன்னது அவள்தான். பேருந்து நிறுத்தம் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

அங்கிருந்து நேரே அலுவலகத்துக்குப் போனாள். என்னையும் சாட்சிக்கு இழுத்துப் போனாள். தலைமைப் பொறியாளர் கேட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ஒரு மாசமா ஆயிரம் பேர் பயன்படுத்துறாங்க. நடக்கிற நேரத்தைப் பத்தி ஒரு புகார்கூட வரலையே."

"இவளும் கொடுக்கலையே சார். இவ தன்னைத்தானே திட்டிக்கிட்டு வந்தா. ஒரே ஒரு தடவை பயன்படுத்திட்டு விட்டவங்க எத்தனை பேருன்னு பாருங்க."

அவர் கணினியில் தட்டினார். இருநூற்று அறுபத்து மூன்று பேர். அண்ணி தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் நாலைந்து பேரைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டதால் நானும் கேட்டேன். "எனக்கு வயசாயிடுச்சுங்க, செயலி நல்லாத்தான் இருக்கு" என்றார் ஒரு பெரியவர். "குழந்தையைத் தூக்கிட்டு என்னால வேகமா போக முடியலை, அதான்" என்றது ஒரு பெண் குரல். "மறுபடியும் காரையே எடுத்துட்டேன் சார், நடக்கிற பழக்கம் விட்டுப் போச்சு" என்றார் இன்னொருவர். ஒருவர்கூடச் செயலியைக் குறை சொல்லவில்லை. பொறியாளர் தொலைபேசி இணைப்பை மெதுவாகத் துண்டித்தார்.

"விழாவைத் தள்ளிப்போட எனக்கு அதிகாரம் இல்லை. அது திட்டக் குழு கையிலதான் இருக்கு. பெரிய இடங்கள் அறுபதுக்காவது சரியான அளவு கொண்டு வாங்க, அவங்க முன்னாடி வைக்கிறேன். ஆனா ஒண்ணு, யாரு அளந்ததுன்னு கேட்பாங்க."

"கேட்கட்டும் சார்" என்றாள்.

கடைக்கு லீவு போட்டேன். அப்படி லீவு போட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒன்பது நாளில் அறுபது இடம். நான் முன்னால் நடப்பேன், எனக்குப் பின்னால் எக்ஸ்பிரஸ். அவளுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னால் சொல்லி முடிக்க முடியாது. மெதுவாக நடக்கத் தெரியாமல் என் குதிகாலை மிதிப்பாள். "அண்ணி, பிரேக்!" என்று கத்துவேன். ஒரு இடத்தில் மூட்டை சுமப்பவரிடம் கேட்டுக்கொண்டு அவர் பின்னால் போனாள். ஒரு இடத்தில் கர்ப்பிணிப் பெண், ஒரு இடத்தில் இரண்டு குழந்தைகளை இரண்டு கையில் பிடித்த அப்பா. அந்த அப்பாவுக்குப் பதினைந்து நிமிடம். சின்னவன் வழியில் இருந்த நாய்களையெல்லாம் நலம் விசாரித்துக்கொண்டு வந்தான். என் முழங்கால் வீங்கிப்போனது. வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது அண்ணிதான். "இன்னிக்கு ஆறு இடம்" என்று இப்போது நான் சொன்னேன்.

குழுக் கூட்டத்துக்கு நான் போகவில்லை, வெளியில் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தாலும் குரல் கேட்டது. "இவ்வளவு பெரிய தப்பை யாரு பண்ணது?" என்று ஒரு குரல் அதட்டியது. இயந்திரக் கோளாறு என்று தலைமைப் பொறியாளர் ஏதோ மழுப்ப ஆரம்பித்தார். நல்ல மனிதர், காப்பாற்றப் பார்த்தார். அதற்குள் அண்ணியின் குரல், பேருந்தின் கடைசி இருக்கைக்கும் கேட்கும் அந்தக் கண்டக்டர் குரல்: "நான்தாங்க. நானூத்திப் பதினெட்டையும் நான்தான் அளந்தேன். திருத்த வேண்டியதும் நான்தான்."

விழா மூன்று வாரம் தள்ளிப்போனது. மற்ற ஒன்பது பேரையும் கூடச் சேர்த்துக்கொண்டு, எல்லா இடத்தையும் மறுபடி நடந்து முடித்தார்கள். செயலியில் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்தது. திறந்தவுடன் அதுதான் வரும்: 'நீங்கள் எப்படி நடப்பீர்கள்?' வேகமாக, நிதானமாக, மெதுவாக. எதைத் தொடுகிறோமோ அதற்கேற்ற பேருந்தைக் காட்டும்.

நிரந்தர ஆணை ஒன்பது பேருக்கு வந்தது. பத்தாவதாக அண்ணியின் பெயர் இல்லை. தவறு கோப்பில் ஏறிவிட்டதாம், அடுத்த வருடம் பார்க்கலாமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த அலுவலகத்தையே இரண்டில் ஒன்று பார்த்திருப்பேன். "உண்மையைச் சொன்னவளுக்குத் தண்டனை, வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா மாலை மரியாதையா?" என்று வீட்டில் குதித்தேன். அவளோ இரண்டாம் தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்துத் தூங்கினாள். காலையில் எழுந்து பார்த்தால், அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து அவளுடைய செருப்பைத் துடைத்து, அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருக்கிறான். இத்தனை வருடத்தில் அவன் தன் செருப்பைத் துடைத்துக்கூட நான் பார்த்ததில்லை.

திறப்பு விழா அன்று மேடையில் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்களாம். அண்ணி அங்கே இல்லை. முதல் நாள் நேரக் கணக்கு சரியாக வருகிறதா என்று பார்க்கப் பெரிய சந்திப்பில் நின்றிருந்தாள். நானும் கிளம்பினேன். நேர்காணல் எதுவும் இல்லை, கிளைப் பொறுப்பு வேறு ஒருவருக்குப் போய் வெகுநாள் ஆகிவிட்டது. போக வேண்டும் போல இருந்தது, கிளம்பினேன். 'எப்படி நடப்பீர்கள்?' என்றது செயலி. 'மெதுவாக' என்று அழுத்தினேன். கொஞ்சம்கூடக் கூச்சமாக இல்லை.

ரயிலிலிருந்து இறங்கும்போதே அவளைப் பார்த்துவிட்டேன். தூணோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கடிகாரத்தை அழுத்தினாள். ஓடிவந்து கையைப் பிடிக்கவில்லை, பையை வாங்கவில்லை, தள்ளிப் பின்னாலேயே வந்தாள். அளக்கும்போது தொடக்கூடாது என்பது அவள் தொழில் தர்மம். நான் பாட்டுக்குக் கூட்டம் ஒதுங்கட்டும் என்று நின்றேன், படியேறினேன், சிக்னலில் நடுத்திட்டில் நின்றேன். ஒரு ஊன்றுகோல் பெரியவரும் என் பக்கத்தில் கைபேசியைப் பார்த்தபடி நின்றார். "இன்னும் நாலு நிமிஷம் இருக்காம், அவசரமே இல்லம்மா" என்று என்னிடமே சொன்னார். நாங்கள் நிறுத்தத்துக்குப் போனபோது பேருந்து அப்போதுதான் வந்து நின்றது.

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெளியே சாலையோரத்தில் அண்ணி இரண்டு கையையும் விரித்துப் பத்து விரலையும் காட்டினாள். பத்து நிமிடம். அப்புறம் குழந்தை மாதிரி குதித்தாள்.

டிக்கெட்டுக்கு வந்த கண்டக்டர் அவளைப் பார்த்துவிட்டு, "யாரும்மா அது, ரோட்டுல நின்னு குதிக்குது?" என்றார்.

நான் மெதுவாகப் பேசுகிறவள் இல்லை. அன்று வேண்டுமென்றே பேருந்து முழுக்கக் கேட்கச் சொன்னேன்: "எங்க அண்ணி. இந்த ஊர்ல எங்கிருந்து எங்க நடக்க எவ்வளவு நேரம் ஆகும்னு எழுதினவங்க. முதல்ல தப்பா எழுதினதும் அவங்கதான். தப்புன்னு தானே போய்ச் சொன்னதும் அவங்கதான்."

கண்டக்டர் தலையை வெளியே நீட்டி மறுபடி ஒரு தடவை அவளைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்தவர் அதை எடுத்துவிட்டு, "சரி, நீங்க எங்க போகணும்?" என்றார்.

"கடைசி ஸ்டாப்" என்றேன்.